இரண்டாவது ஆல்பத்தை இன்னொரு முறை கேளுங்கள்

ஆல்பம் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் அதை வெளியிடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் பாட்டு எழுதுபவன் இல்லை. எந்தக் குழுவிலும் வாசித்ததில்லை. கிட்டார் குழுக்களின் ஆல்பங்களைப் பல வருடமாகக் கேட்டு வருபவன், அவற்றைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தேடித் தேடிப் படிப்பவன். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்குப் பிடித்த குழுக்களில் பாதியின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது. அந்த நன்றி இருப்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு இண்டி ராக் குழுவின் (சின்னக் கம்பெனிகள் வழியாக வளர்ந்த கிட்டார் இசை அது) இரண்டாவது ஆல்பம் உங்கள் கைக்கு வரும்போது, அதை அதற்காகவே கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதல் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதில் அது இருக்கிறதா என்று தேடிக் கேட்கிறீர்கள். அதனால் நல்ல ஆல்பங்கள் பல உங்கள் காதில் விழாமலே போயிருக்கின்றன.

2003 அக்டோபர் கடைசியில் த ஸ்ட்ரோக்ஸ் குழுவின் ‘ரூம் ஆன் ஃபயர்’ வெளிவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான ‘இஸ் திஸ் இட்’டை நீங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினீர்கள். ராக் இசைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது என்ற அளவுக்குப் பேச்சு போனது. சரி, அது நல்ல ஆல்பம்தான், பாராட்டு தகும். அடுத்த ஆல்பத்துக்காக அவர்கள் முதலில் ரேடியோஹெட்டின் தயாரிப்பாளரான நைஜல் காட்ரிச்சோடு ஸ்டுடியோவுக்குள் போனார்கள். ஒத்துவரவில்லை. அந்த முயற்சியை விட்டுவிட்டு, முதல் ஆல்பத்தைத் தயாரித்த கார்டன் ரஃபேலிடமே திரும்பி வந்தார்கள். பதினொரு பாட்டு, எல்லாம் சேர்ந்து சுமார் 33 நிமிடம். பிடித்தது என்று எழுதியவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் இரண்டு தரப்பிலும் திரும்பத் திரும்ப வந்த பேச்சு, இது முதல் ஆல்பத்தைப் போலவே இருக்கிறது என்பது.

ஏழு வருடம் கழித்து, 2010 ஏப்ரலில், எம்ஜிஎம்டி குழுவின் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ வந்தது. அவர்களுடைய முதல் ஆல்பமான ‘ஆரக்குலர் ஸ்பெக்டாகுலர்’ மூன்று ஹிட் கொடுத்திருந்தது: ‘டைம் டு ப்ரிடெண்ட்’, ‘எலக்ட்ரிக் ஃபீல்’, ‘கிட்ஸ்’. குழுவின் ஆண்ட்ரூ வான்விங்கார்டனும் பென் கோல்ட்வாசரும் அதே பாணியில் இன்னொரு ஆல்பம் போட்டிருக்கலாம், கேட்கவும் கூட்டம் காத்திருந்தது. அவர்கள் ஸ்பேஸ்மென் 3 குழுவின் பீட் கெம்பரைத் தயாரிப்பில் சேர்த்துக்கொண்டு, கனவு மயக்கம் போன்ற பழைய சைக்கடெலிக் இசையின் பக்கம் போனார்கள். ‘சைபீரியன் பிரேக்ஸ்’ என்ற ஒரு பாட்டு மட்டும் 12 நிமிடம். முதல் வாரத்தில் அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாவது இடம் கிடைத்தது. விமர்சனங்களில் வந்த பெரிய புகார் என்ன? இது முதல் ஆல்பத்தைப் போல இல்லை, ‘கிட்ஸ்’ மாதிரி ஒன்றுகூட இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போலவே இருந்தால் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறீர்கள். மாறிப் போனால் வந்த வழியை மறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். இரண்டு புகாரிலும் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒன்றில் முதல் ஆல்பம் இருக்கிறது என்கிறீர்கள், மற்றதில் முதல் ஆல்பம் இல்லை என்கிறீர்கள். எதிரில் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்பதற்குக் கட்டுரையில் மிஞ்சுவது நாலு வரி.

அந்த இரண்டு ஆல்பத்திலும் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

‘ரூம் ஆன் ஃபயர்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘வாட் எவர் ஹாப்பன்ட்?’. ஜூலியன் காஸாப்லாங்காஸ் வாயைத் திறந்து பாடும் முதல் விஷயமே, எல்லாரும் தன்னை மறந்துவிட வேண்டும் என்ற ஆசை. உலகமே பெயர் சொன்ன ஒரு குழு, அடுத்த ஆல்பத்தின் கதவை இப்படித் திறக்கிறது. இதை விடத் தெளிவாக ஒரு பாடகர் தன் நிலைமையைச் சொல்ல முடியாது. அப்புறம் ‘12:51’ பாட்டில் மேலே ஓடும் அந்த மெட்டைக் கேளுங்கள். முதல் தடவை கேட்பவர்கள் பழைய காலத்துக் கீபோர்டு என்றுதான் நினைப்பார்கள். அது நிக் வலென்சியின் கிட்டார். ஒரு கிட்டாரை அப்படி ஒலிக்கவைத்து, அதையே பாட்டின் முகமாக வைப்பது முதல் ஆல்பத்தில் இல்லாத வேலை. ‘ரெப்டீலியா’வில் டிரம்ஸும் பேஸும் மட்டும் முதலில் வருகின்றன, நிக்கோலாய் ஃப்ரெய்ட்சரின் பேஸ் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டு போகிறது. அதன் மேல் கிட்டார் வந்து விழும் இடம் எத்தனை முறை கேட்டாலும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ‘அண்டர் கன்ட்ரோல்’ பாட்டில் வேகத்தை அடியோடு குறைத்து, பழைய சோல் பாட்டுகளின் சாயலில் உருகுகிறார்கள். கவனித்துக் கேட்டால் இவ்வளவு இருக்கிறது. போலவே இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்தால் இதில் ஒன்றுமே வாசகருக்குப் போய்ச் சேராது.

‘கங்கிராஜுலேஷன்ஸ்’ ஆல்பத்தில் என்னை அதிகம் பாதிப்பது கடைசிப் பாட்டு. அதன் பெயர்தான் ஆல்பத்துக்கும். நிதானமான பாட்டு, அலட்டல் இல்லாமல் பாடுகிறார்கள். புகழ் வந்த பிறகு அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாழ்த்துச் சொல்லும்போது உள்ளே ஏற்படும் வெறுமைதான் அதன் பொருள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்கிறது, பெரிய அரங்கின் ஆரவாரமாக இல்லாமல், ஏதோ நாலைந்து பேர் மரியாதைக்காகத் தட்டுவது மாதிரி. ஆல்பம் அதோடு முடிகிறது. முதல் ஆல்பத்தின் வெற்றி அவர்களை என்ன செய்தது என்ற கேள்விக்குப் பதில் முழுக்க அந்தச் சில நொடிக் கைதட்டலில் இருக்கிறது. ஹிட் பாட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்த காதுக்கு அது எப்படிக் கேட்கும்?

இரண்டாவது ஆல்பம் என்றாலே சறுக்கல்தான் என்று ஒரு பேச்சு உங்கள் தொழிலில் ரொம்ப காலமாக இருக்கிறது. அதற்கு ஒரு நியாயமும் சொல்வீர்கள்: முதல் ஆல்பத்தின் பாட்டுகள் பல வருடம் ஊறியவை, சின்ன அரங்குகளில் வாசித்து வாசித்துத் திருத்தப்பட்டவை. இரண்டாவதற்குக் கிடைப்பது டூருக்கு நடுவே சில மாதம், பஸ்ஸிலும் ஹோட்டல் அறையிலும் எழுதியவை. இது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சறுக்கல் என்று நீங்கள் எண்ணுவது எந்தக் குழுக்களை என்று பாருங்கள். முதல் ஆல்பத்துக்கு வானளாவிய பாராட்டு வாங்கிய குழுக்களை மட்டும். மிக உயரத்தில் இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அடுத்த தடவை அளந்தால் கணக்குப்படியே பலர் கொஞ்சம் கீழேதான் இருப்பார்கள். அது அவர்கள் சோர்ந்துபோனதற்குச் சாட்சி ஆகாது.

முதல் ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத குழுக்களின் கதை வேறு. நிர்வாணாவின் ‘ப்ளீச்’ 606 டாலர் செலவில் ரெக்கார்டு ஆகி 1989-இல் வெளிவந்தது, கேட்டவர்கள் கொஞ்சம் பேர். இரண்டாவதுதான் உலகமே கேட்ட ‘நெவர்மைண்ட்’. ரேடியோஹெட்டின் ‘பாப்லோ ஹனி’யில் எல்லாரும் பேசியது ஒரே பாட்டைத்தான், இரண்டாவதாக 1995-இல் வந்தது ‘த பெண்ட்ஸ்’. நியூட்ரல் மில்க் ஹோட்டலின் ‘ஆன் ஏவரி ஐலண்ட்’ பெயரை இன்று சொல்பவர்கள் குறைவு, இரண்டாவது ஆல்பத்தின் பெயரைச் சொல்லாத இண்டி ரசிகரே குறைவு. இந்தக் குழுக்களுக்கும் இரண்டாவது ஆல்பம் எழுத அதே டூர் பஸ்தான், அதே அவசரம்தான். வித்தியாசம் என்னவென்றால், அவற்றைக் கேட்க உட்கார்ந்தபோது உங்கள் காதில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கவில்லை. அப்படியும் ‘நெவர்மைண்டு’க்கு ரோலிங் ஸ்டோன் பத்திரிகை முதலில் கொடுத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது வீசர் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘பிங்கர்டன்’. இந்த மடலை எழுதத் தூண்டியதே அந்த ஆல்பம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீசர் சின்ன லேபிள் குழு இல்லை, கெஃபன் என்ற பெரிய கம்பெனியின் குழு. இருந்தாலும் பின்னால் வந்த இண்டி, இமோ (மனதைக் கொட்டிப் பாடும் ராக்) குழுக்கள் இத்தனை பேர் தங்கள் ஆல்பமாக எடுத்துக்கொண்ட வேறொரு இரண்டாவது ஆல்பம் எனக்குத் தெரியவில்லை. 1994-இல் வந்த முதல் ஆல்பத்தை த கார்ஸ் குழுவின் ரிக் ஓகாசெக் தயாரித்தார். பளபளவென்ற ஒலி, கூடச் சேர்ந்து பாட வைக்கும் பல்லவிகள், லட்சக்கணக்கில் விற்பனை. அதன் பிறகு பாட்டெழுதிப் பாடும் ரிவர்ஸ் கோமோ என்ன செய்தார் தெரியுமா? ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்துவிட்டார். ஒரு காலின் நீளத்தைக் கூட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, காலில் இரும்புச் சட்டம் மாட்டிய நிலையில் இருந்தார். விண்வெளியில் நடக்கும் ஒரு ராக் ஆப்பெரா எழுதிப் பார்த்துக் கைவிட்டார். அந்தத் தனிமையில் எழுதியவை சேர்ந்துதான் 1996-இல் வெளிவந்த ‘பிங்கர்டன்’ ஆனது. புச்சீனியின் ‘மடாமா பட்டர்ஃப்ளை’ ஆப்பெராவில் ஜப்பானியப் பெண்ணை மணந்து கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர் அது. அட்டையில் ஹிரோஷிகேயின் ஓவியம், பனி கொட்டும் இரவில் ஒரு கிராமம். இந்தத் தடவை தயாரிப்பாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் குழுவே தயாரித்தது.

முதல் பாட்டு தொடங்கும்போதே சின்தசைசரின் கரகரப்பும் கிட்டாரின் ஃபீட்பேக்கும் காதில் அறைகின்றன. டிரம்ஸ் அறைக்குள்ளேயே அடிப்பது மாதிரி இருக்கிறது. குரல் பல இடத்தில் உடைகிறது, உடைந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். நடுவில் ‘அக்ராஸ் த சீ’ என்ற பாட்டு, ஜப்பானில் இருந்து ஒரு ரசிகை எழுதிய கடிதத்தை வைத்து எழுதியது. கடைசியில் ‘பட்டர்ஃப்ளை’, சத்தமெல்லாம் ஓய்ந்துபோய் ஒரு அகூஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும். ஆல்பம் முழுக்கத் தன் ஆசையையும் சுயநலத்தையும் கொட்டித் தீர்த்தவன் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான். முதல் ஒன்பது பாட்டின் சத்தம் எதற்கு என்பது இந்தப் பத்தாவது பாட்டுக்கு வரும்போதுதான் புரியும். பாதியில் நிறுத்திவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அது விடலைப் புலம்பல் என்றுதான் தோன்றும்.

அப்படித்தான் எழுதவும் செய்தார்கள். சிறுபிள்ளைத்தனம், மிதமிஞ்சிய அந்தரங்கம், முதல் ஆல்பத்தின் குறும்பு இல்லை. ரோலிங் ஸ்டோன் அந்த வருடம் வாசகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் மோசமான ஆல்பங்களின் வரிசையில் ‘பிங்கர்டன்’ வந்தது. அது வாசகர்களின் வாக்கு, உங்களுடையது இல்லை, அந்தப் பழியை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். முதல் ஆல்பத்தையே இரண்டாம் முறை கேட்க ஆசைப்படும் நோய் எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் வாசகரைப் பார்த்து “கொஞ்சம் பொறு, கடைசிப் பாட்டு வரை கேள்” என்று சொல்லும் இடத்தில் இருந்தது நீங்கள். கூட்டத்தோடு சேர்ந்து தலையாட்டுவதற்கு விமர்சகர் தேவையில்லையே.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பேஸ் வாசித்த மேட் ஷார்ப் 1998-இல் விலகினார். அடுத்த ஆல்பம் வர ஐந்து வருடம் ஆனது. 2001-இல் வந்த அந்த மூன்றாவது ஆல்பத்துக்கு மறுபடி ஓகாசெக், மறுபடி பளபளப்பு. சொந்த வாழ்க்கை என்று சொல்லும்படி அதில் அநேகமாக எதுவும் இல்லை. கோமோவே தன் ‘பிங்கர்டன்’ ஆல்பத்தைப் பேட்டிகளில் கடுமையாகத் தள்ளிப் பேசினார். இதில் எவ்வளவு விமர்சனத்தின் வேலை, எவ்வளவு அவர் சுபாவம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மனதைத் திறந்து வைத்த ஒருவர் அடி வாங்கி, அப்புறம் வருடக்கணக்கில் அப்படி எழுதாமல் இருந்தார் என்பது ஆல்பங்களைக் கேட்டாலே தெரிகிறது. கேட்பவனாக எனக்கு வலிப்பது அதுதான். எழுதப்படாமல் போன பாட்டுகளை யாரிடம் போய்க் கேட்பது?

2004-இல் அதே ரோலிங் ஸ்டோன் ‘பிங்கர்டன்’ ஆல்பத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது இணைய இசைப் பத்திரிகையான பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. அந்த வருடமே வீசர் முதல் இரண்டு ஆல்பங்களையும் மேடையில் முழுசாக வாசித்து டூர் போனார்கள். 2016-இல், வெளிவந்து இருபது வருடம் ஆன பிறகு, பிளாட்டினம் சான்றிதழ் கிடைத்தது. இன்றைக்கு அந்தப் பாட்டுகளில் பெண்களை, குறிப்பாக ஆசியப் பெண்களைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் கோளாறைச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். அது நியாயமான விமர்சனம், ஏனென்றால் அது ஆல்பத்துக்குள் இருப்பதைப் பற்றிய விமர்சனம். அப்படிப்பட்ட கண்டிப்பு எவ்வளவு வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். நியூட்ரல் மில்க் ஹோட்டலின் இரண்டாவது ஆல்பமான ‘இன் த ஏரோப்ளேன் ஓவர் த சீ’ 1998 பிப்ரவரியில் வந்தது. பிட்ச்ஃபோர்க் அப்போது கொடுத்தது 8.7. 2005-இல் மறுபதிப்புக்குக் கொடுத்தது 10. 8.7 குறைந்த மதிப்பெண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 1.3 நடுவில் எங்கே இருந்தது? குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கம் ஒரு வரியைக்கூடத் திருத்திப் பாடவில்லை. பின்னால் வாத்தியமாக ஒலிக்கும் அந்த ரம்பத்தின் அழுகையும் பித்தளை வாத்தியங்களும் 1998-இல் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன. மாறியது கேட்ட காது. கேட்ட காது மாறும் என்று தெரிந்திருந்தும், பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளந்தது மாதிரி ஒரு எண்ணை ஏன் முதல் வாரமே கட்டுரையின் தலையில் ஒட்டுகிறீர்கள்?

அந்த எண் அப்புறம் படும் பாடு இன்னும் மோசம். 2001-இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் உங்கள் எல்லாருடைய நட்சத்திரத்தையும் நூறுக்கு மாற்றிச் சராசரி போடுகிறது. ரோலிங் ஸ்டோன் கணக்கில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் ‘நன்று’. மெட்டாக்ரிட்டிக்கில் அது 60. அங்கே 60 வரைக்கும் ‘கலவையான வரவேற்பு’, 61-இல் இருந்துதான் நல்ல வரவேற்பு. நன்று என்று எழுதியவரின் வார்த்தை அங்கே போய்ச் சேரும்போது சுமார் என்று ஆகிவிடுகிறது. எண்ணே போடாமல் எழுதினாலும் தப்ப முடியாது, கட்டுரையைப் படித்து அவர்களே ஒரு எண் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஆயிரம் சொல்லில் எழுதிய தயக்கமும் வியப்பும் அந்த இரண்டு இலக்கத்தில் கரைந்துபோகின்றன.

பிட்ச்ஃபோர்க் 2021-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. பழைய ஆல்பங்கள் 19-ஐ எடுத்து, இன்றைக்கு என்றால் என்ன மதிப்பெண் கொடுப்போம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். டாஃப்ட் பங்கின் ‘டிஸ்கவரி’க்கு முன்பு கொடுத்த 6.4 அதில் 10 ஆனது. ராக் இல்லை என்றாலும் குறிப்பிடக் காரணம், அதுவும் இரண்டாவது ஆல்பம். இருபது வருடம் கழித்தாவது சொன்னார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு தடவை செய்த விசேஷமாக அது நின்றுவிடாமல் வழக்கமாக ஆகியிருக்க வேண்டும்.

அதே பிட்ச்ஃபோர்க் 2006-இல் ஜெட் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘ஷைன் ஆன்’ பற்றி வெளியிட்ட விமர்சனத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒரு சொல்கூடக் கிடையாது. அருவருப்பான ஒரு குரங்கு வீடியோ, பக்கத்தில் 0.0 என்ற எண். எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்காது, அவர்களுக்காக வாதாட வரவில்லை. ஆனால் ஒரு ஆல்பம் ஏன் பயனற்றது என்று நாலு பத்தி எழுதுவது உழைப்பு, அதைச் செய்வதற்குத்தான் விமர்சகர். அந்த உழைப்பைத் தட்டிக் கழித்ததைப் பலர் இன்றுவரை சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் உட்கார்ந்த நாலு பேருக்கு ஒரு வாக்கியமாவது கடன்பட்டிருக்கிறோம் என்று ஆசிரியர் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

கடுமையாக எழுதவே கூடாது என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். த ஸ்டோன் ரோஸஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் முதல் ஆல்பம், பழைய கம்பெனியோடு நீதிமன்றச் சண்டை, ஐந்து வருடம் கழித்து 1994 டிசம்பரில் ‘செகண்ட் கமிங்’. முதல் பாட்டில் காட்டுச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமுமாகவே நாலு நிமிடத்துக்கு மேல் போகிறது, அதன் பிறகுதான் பாட்டு. ஜான் ஸ்கொயரின் கிட்டார் பல இடங்களில் மற்ற மூவரையும் மூழ்கடிக்கிறது. நீளம் அதிகம், கட்டுப்பாடு இல்லை என்று எழுதியவர்கள் ஆல்பத்தைக் கேட்டு எழுதினார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடுதான். ஐந்து வருடம் காத்திருந்ததற்கு இதுவா என்று எழுதினவர்களும் இருந்தார்கள். அவர்கள் விமர்சித்தது காத்திருப்பை. இன்று அந்த ஆல்பத்தைப் புதிதாகக் கேட்கும் ஒருவர் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை, அவருக்கு அந்தக் கட்டுரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆல்பம் வெளிவருகிற அன்றே கட்டுரை வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் படிக்க ஆள் இருக்காது என்கிறார்கள். சில ஆல்பங்கள் முன்கூட்டியே கையில் வருவதும் இல்லை, நள்ளிரவில் எல்லாரோடும் சேர்ந்துதான் நீங்களும் கேட்கிறீர்கள். கூலியோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2024 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்கையே ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகையோடு சேர்த்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு வருத்தப்பட்ட வாசகர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த மடலில் பாதி ஆசிரியர்களுக்கும் முதலாளிகளுக்கும்தான். எழுதுபவருக்கு நேரம் கொடுங்கள். வெளியீட்டு நாளன்று செய்திக் குறிப்பு ஒன்று போதும். விமர்சனம் மூன்று வாரம் கழித்து வரட்டும். பாட்டு அதற்குள் கெட்டுப்போய்விடாது.

எழுதுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது முதல் வரைவில் முதல் ஆல்பத்தின் பெயரே வராமல் எழுதிப் பாருங்கள். பெயர் இல்லாமல் கட்டுரை நிற்கவில்லை என்றால் இன்னும் கேட்டு முடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி ஒரு முறை கேளுங்கள். கட்டுரை நின்ற பிறகு ஒப்பிட வேண்டியதை ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு பாட்டின் ஒரு இடத்தையாவது, எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, குரல் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அதைப் படித்துவிட்டுப் போய்க் கேட்டால்தான், உங்கள் தீர்ப்போடு நான் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும், எனக்கு ஒரு லாபம்.

இன்னொன்று. ஒவ்வொரு இரண்டாவது ஆல்பத்தையும் ஒரு வருடம் கழித்து, அதே விமர்சகர், அதே பெயரில், மறுபடி ஒரு முறை எழுத இடம் ஒதுக்குங்கள். கருத்து மாறியிருந்தால் மாறியது என்று எழுதட்டும், மாறவில்லை என்றால் ஏன் என்று எழுதட்டும். பழைய கட்டுரையை நீக்கிவிடாமல் பக்கத்திலேயே வையுங்கள். குழு அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டு எழுத உட்காரும் காலத்தில் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும், பல வருடம் கழித்து வரும் ஐந்து நட்சத்திரத்தை விட அவர்களுக்கு அது உதவும். அந்த இரண்டாவது கட்டுரைக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்